எல்லை தாண்டும்போது மாறும் வானூர்தி நடைமுறைகள்: எவற்றுக்கு உண்மையில் அஞ்ச வேண்டும்?

கேள்வி: வலது இருக்கை

பெரியோர்க்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உள்நாட்டுத் தடங்களில் ஏர்பஸ் 320 வகை விமானத்தில் துணை விமானியாக இருந்துவந்த நான், வைட்பாடி எனப்படும் அகன்ற உடல் விமானத்துக்கான பயிற்சியை முடித்து, விரைவில் வெளிநாட்டுத் தடங்களுக்குச் செல்லவிருக்கிறேன். அதற்காக நாடுவாரியான விதிமுறைப் பக்கங்களைப் படிக்கத் தொடங்கியபோதுதான், உலகம் முழுவதற்கும் ஒரே விதி என்று பயிற்சிப் பள்ளிக் காலத்தில் நான் கொண்டிருந்த எண்ணம் எவ்வளவு மேலோட்டமானது என்று விளங்கியது. பன்னாட்டுத் தர விதிகளைப் பின்பற்ற இயலாத நாடு தன் வேறுபாட்டை அறிவித்துவிட்டு விலகி நிற்கலாம் என்று 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையே தன் 38ஆம் பிரிவில் இடம் கொடுத்திருக்கிறது. அப்படி அறிவிக்கப்பட்டவை ஒவ்வொரு நாட்டின் வானூர்தித் தகவல் தொகுப்பிலும் ‘ஜென் 1.7’ என்ற பகுதியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவின் பட்டியலைத் திறந்தால் முடிவே தெரியவில்லை.

மூத்தவர்களிடம் கேட்டால், சீனாவில் மீட்டர், பாரிஸில் பிரெஞ்சு, நியூயார்க்கில் மூச்சுவிடாத பேச்சு, ஜப்பானில் கையசைத்து வழியனுப்பும் தரைப் பணியாளர்கள் என்று சுவையான செய்திகள் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுள் எது ஆபத்தானது, எது வெறும் வேடிக்கை என்ற தரம்பிரிப்பு கிடைப்பதில்லை. புதிதாகச் செல்பவன் எவற்றை மனத்தில் முன்வரிசையில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே என் முதல் கேள்வி. ஒரு நாட்டின் பண்பாடு விமானி அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை என்பது இரண்டாவது. அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


பதில்: நீண்டவழி

தம்பிக்கு வணக்கம். பணி ஓய்வு பெறும்வரை நெடுந்தூரத் தடங்களிலேயே இருந்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு என் கணிப்பைச் சொல்கிறேன். பெரிதாகத் தெரியும் வேறுபாடுகளைக் கண்டு அதிகம் அஞ்ச வேண்டாம். அவற்றுக்கு எல்லோரும் ஆயத்தமாகவே செல்கிறார்கள். ஒரே சொல்லும் ஒரே எண்ணும் இரண்டு நாடுகளில் இரண்டு பொருளைத் தாங்கி வரும் இடங்களில்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

சீனாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பறப்பு உயரங்கள் மீட்டரில் வழங்கப்படுகின்றன என்பது ஊரறிந்த செய்தி. 2007 நவம்பரில் உயரங்களுக்கிடையிலான இடைவெளியைக் குறைத்தபோது, 8,900 மீட்டரிலிருந்து 12,500 மீட்டர் வரையுள்ள ஒவ்வொரு படிக்கும் உரிய அடிக்கணக்கைச் சீனா ஓர் அட்டவணையாகவே கொடுத்துவிட்டது. 10,100 மீட்டர் என்றால் 33,100 அடி. 10,400 மீட்டர் என்றால் 34,100 அடி. அண்டை நாட்டின் வான்வெளியில் 33,000 அடியில் வருபவர் எல்லையை ஒட்டி நூறு அடி ஏறிக்கொள்கிறார், அவ்வளவுதான். அட்டவணை மடியில் இருக்கிறது, இருவரும் சரிபார்க்கிறார்கள், புறப்படும் முன்பே அது பற்றிப் பேசிவிடுகிறார்கள். இதில் தவறு நேர்வது அரிது.

இதற்கு நேர்மாறானது அழுத்த அளவு. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜப்பானிலும் உயரமானியின் அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் சொல்கிறார்கள். உலகின் பெரும்பகுதி ஹெக்டோபாஸ்கலில் சொல்கிறது. அங்குலத்தில் பழகிய காதுக்கு ‘ஒன்பது ஒன்பது இரண்டு’ என்று விழுந்தால், முன்னாலிருக்கும் ‘இரண்டு’ விழுங்கப்பட்டுவிட்டது என்று கருதி 29.92 என்று வைத்துவிட வாய்ப்புண்டு. கட்டுப்பாட்டாளர் சொன்னதோ 992 ஹெக்டோபாஸ்கல். 29.92 அங்குலம் என்பது 1013 ஹெக்டோபாஸ்கல் என்பதால் 21 அலகு பிழை ஏற்படுகிறது. ஓர் அலகுக்கு ஏறக்குறைய 28 அடி என்று கணக்கிட்டால், உயரமானி காட்டுவதைவிட நீங்கள் சுமார் 600 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பீர்கள். அழுத்தம் அவ்வளவு குறைந்திருக்கும் நாளில் வானிலையும் மோசமாகவே இருக்குமென்பதால், தரையும் கண்ணுக்குத் தெரியாது.

காற்றின் வேகமும் இப்படிப்பட்டதே. சீனாவிலும் ரஷ்யாவிலும் வானிலை அறிக்கைகளில் காற்று வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று வருகிறது. ‘பக்கக்காற்று பதினைந்து’ என்று கேட்டவுடன் மனம் தானாக நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) என்று எடுத்துக்கொள்ளும். உண்மையில் அது 29 நாட். விமானத்தின் பக்கக்காற்று வரம்பை ஒட்டி நிற்கும் நாளில் இந்த மயக்கம் விளையாட்டல்ல. அறிக்கையை எழுதிக்கொள்ளும்போதே எண்ணை இரட்டிப்பாக்கி எழுதும் பழக்கத்தை என்னுடன் பறந்தவர்களிடம் வலியுறுத்தி வந்தேன்.

எந்த உயரத்தில் உள்ளூர் அழுத்தத்தை விட்டுவிட்டுப் பொது அழுத்தமான 1013க்கு மாற வேண்டும் என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். ஆம்ஸ்டர்டாமில் 3,000 அடி, ஹீத்ரோவில் 6,000, ஆஸ்திரேலியாவில் 10,000, ஜப்பானில் 14,000, அமெரிக்காவிலும் கனடாவிலும் 18,000. அமெரிக்க மலைகளின் உயரத்தைக் கருதி அவர்கள் வகுத்தது அது. ஆம்ஸ்டர்டாமில் சக்கரங்களை உள்ளிழுத்த கையோடு அழுத்தத்தை மாற்றிப் பழகியவர், அமெரிக்காவில் அதே வேகத்தில் மாற்றிவிட்டால் பதினைந்தாயிரம் அடி உயரத்துக்குத் தவறான அழுத்தத்திலேயே ஏறிக்கொண்டிருப்பார்.

இவை எல்லாவற்றையும்விட நான் கூடுதலாக எச்சரிக்க விரும்புவது, தரையிறங்கும் அனுமதியைப் பற்றி. பன்னாட்டு நடைமுறைப்படி, உங்களுக்கு முன்னால் இறங்கும் விமானம் ஓடுபாதையின் முகப்பைக் கடக்கும்வரை உங்களுக்கு இறங்கும் அனுமதி வழங்கப்படக் கூடாது. எனவே ஐரோப்பாவிலோ நம் நாட்டிலோ அந்த அனுமதி காதில் விழுந்தால் ஓடுபாதை ஏறத்தாழ உங்களுக்கே உரியது என்று மனம் அமைதி கொள்ளும். அமெரிக்காவிலோ, நீங்கள் வரிசையில் மூன்றாவதாக இருக்கும்போதே, முன்னுள்ள இருவரும் இறங்கி விலகிவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பின் பேரில் அனுமதியைக் கொடுத்துவிடுவார்கள். சொல் ஒன்றுதான், அது தரும் உறுதி ஒன்றல்ல. அமெரிக்க நடைமுறை வரிசையை வேகமாக நகர்த்துகிறது என்பது உண்மை. ஆனால் அதன் சுமையில் ஒரு பங்கு கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விமானியின் கண்ணுக்கு மாற்றப்படுகிறது என்பதே என் கருத்து.

கண்ணால் பார்த்து இறங்கும் முறையிலும் இதே போக்கைக் காணலாம். சான் ஃபிரான்சிஸ்கோவின் இணை ஓடுபாதைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 750 அடிதான் இடைவெளி. பக்கத்து விமானத்தைப் பார்த்துவிட்டேன், இடைவெளியை நானே பேணிக்கொள்கிறேன் என்று விமானி ஒப்புக்கொண்டால்தான் இரண்டையும் ஒருசேர இறக்க முடியும். 2023 அக்டோபரில் மியூனிக்கிலிருந்து இரவில் வந்த லுஃப்தான்சா விமானம், இரவில் அப்படிச் செய்யத் தங்கள் நிறுவன விதி இடம்கொடுக்காது என்று கூறிக் கருவிவழி அணுகுமுறையைக் கேட்டது. நெரிசலில் இடம் கிடைக்காமல் காத்திருந்து, இறுதியில் ஓக்லாந்துக்குச் சென்று இறங்கியது. அந்த வானொலி உரையாடலைக் கேட்டவர்கள் யார் பிடிவாதக்காரர் என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எனக்கு இருவரும் தத்தம் விதிப்படி நடந்துகொண்டவர்களாகவே தெரிகிறார்கள்.


பதில்: கோபுரத்திலிருந்து

கட்டுப்பாட்டு அறையின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். தென்னிந்தியாவில் பணியாற்றும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளன் நான். வங்கக் கடலின் மேல் எங்கள் வான்வெளியை ஒட்டி கோலாலம்பூர், கொழும்பு, ஜகார்த்தா ஆகியவற்றின் வான்வெளிகள் இருப்பதால், ஒரே பணி நேரத்தில் பல நாட்டு உச்சரிப்புகள் காதில் விழும்.

எல்லை தாண்டும் நடைமுறை வேறுபாட்டுக்கு நம் நாடு கொடுத்த விலையை முதலில் நினைவுகூர வேண்டும். 1996 நவம்பர் 12 அன்று மாலை, தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய போயிங் 747 விமானமும், தில்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தானின் இல்யூஷின் 76 விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதிக்கொண்டன. 349 பேர் இறந்தார்கள். மேலேறிய சவூதி விமானத்துக்கு 14,000 அடியும், இறங்கிய கஜக் விமானத்துக்கு 15,000 அடியும் கொடுக்கப்பட்டிருந்தன. கஜக் விமானம் தனக்குரிய உயரத்துக்குக் கீழே வந்துவிட்டது. சோவியத் மரபுப்படி அந்த விமானத்தில் வானொலியைக் கையாளத் தனி அலுவலர் இருந்தார். ஆங்கிலத்தில் கேட்டுப் பதில் சொன்னவர் அவர். அவருக்கென்று தனி உயரமானி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்க வேண்டும். உத்தரவைக் கேட்பவர் ஒருவர், கைப்பிடியைப் பிடிப்பவர் வேறொருவர் என்ற அந்த ஏற்பாடு, ஒரே மொழி பேசும் வான்வெளிக்குள் பல ஆண்டுகள் சிக்கலின்றி நடந்துவந்த ஒன்று. அது தில்லிக்கு வந்தபோது, ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் ஒரே வழித்தடம் என்ற நெருக்கடியும், உயரத்தைக் காட்டாத பழைய ராடாரும் அதனுடன் சேர்ந்துகொண்டன. பழியை முழுவதுமாகக் கஜக் குழுவின் மீது மட்டும் சுமத்தி முடித்துவிடும் விளக்கம் எனக்கு உடன்பாடானதல்ல.

மேலே சொன்ன எண் மயக்கத்துக்குக் கோலாலம்பூர் அருகே நடந்ததைவிடக் கொடிய சான்று இல்லை. 1989 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சுபாங் நிலையத்தை நோக்கி வந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு 2,400 அடிக்கு இறங்குமாறு சொல்லப்பட்டது. எண்களைத் தனித்தனியாக உச்சரித்தபோது, ஆங்கிலத்தில் இரண்டு என்பதும் (two) திசைகாட்டும் இடைச்சொல்லும் (to) ஒன்றுபோல ஒலித்ததால், குழுவினர் 400 அடி என்று கொண்டார்கள். அவர்கள் திருப்பிச் சொன்னதிலும் அந்த நானூறுதான் இருந்தது. அதை யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி நால்வரும் இறந்தனர். ஆயிரம், நூறு என்ற சொற்களைச் சேர்த்தே உயரத்தை உச்சரிக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். விமானி திருப்பிச் சொல்வதைக் கேட்காமல் அடுத்த விமானத்துடன் பேசத் தொடங்குபவர், எந்த நாட்டவராக இருந்தாலும், பாதி வேலையைத்தான் செய்கிறார்.

பாரிஸ் பற்றிக் கேட்டீர்கள். பன்னாட்டு விதிப்படி தரை நிலையம் தன் வழக்கமான மொழியில் பேசலாம். கேட்டால் ஆங்கிலமும் கிடைக்க வேண்டும். எனவே பிரெஞ்சு விமானியுடன் பிரெஞ்சில் பேசுவது விதிமீறல் ஆகாது. பிறர் இழப்பது என்னவென்றால், அக்கம்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று வானொலியைக் கேட்டே மனத்தில் வரைந்துகொள்ளும் படம். 2000 மே 25 அன்று இரவு சார்ல் த கோல் நிலையத்தில், பிரெஞ்சில் அனுமதி பெற்று ஓடத் தொடங்கிய எம்டி 83 விமானத்தின் இறக்கை, இடையிலுள்ள பாதையிலிருந்து அதே ஓடுபாதைக்குள் நுழைந்த ஷார்ட்ஸ் 330 சரக்கு விமானத்தின் விமானி அறையைத் தாக்கியது. அதன் துணை விமானி இறந்தார். ஷார்ட்ஸ் குழுவுடன் ஆங்கிலத்தில் பேசிய கட்டுப்பாட்டாளர், அவர்கள் வேறிடத்தில் நிற்பதாக எண்ணிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே மொழியில் நடந்திருந்தால் அவர்கள் தயங்கி நின்றிருக்கக் கூடும்.

ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். 2008 மார்ச் முதல் பன்னாட்டு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத்தில் நான்காம் நிலைத் தேர்ச்சி தேவை என்றானது. அணியமாகாத நாடுகளுக்கு 2011 வரை அவகாசம் கிடைத்தது. அத்தேர்வில் முதலிடம் பெறக்கூடிய நியூயார்க்கின் கட்டுப்பாட்டாளர்கள், வரையறுத்த சொற்றொடர்களை விட்டுவிட்டு உள்ளூர்ப் பேச்சில் இறங்கும்போதுதான் வெளிநாட்டு விமானிகள் திணறுகிறார்கள். நிலையான சொற்றொடரை அளந்து பேசும் ஜப்பானியக் கட்டுப்பாட்டாளரே கேட்பதற்கு எளியவர்.

வெளிநாட்டுக் குழுவினர் இந்தியாவில் வியப்புடன் கேட்கும் மற்றொன்று, வான் பாதுகாப்பு அனுமதி எண். குடிசார் கட்டுப்பாட்டாளரின் அனுமதி கிடைத்த பின்னும் இன்னொரு எண் எதற்கு என்கிறார்கள். ஈரான் வான்வெளிக்குள் நுழையும் முன் அந்நாட்டு வான் பாதுகாப்புப் படையை வானொலியில் தனியே அழைத்துத் தன்னை அறிவிக்க வேண்டும் என்பதைக் கண்டவர்களுக்கு இது புதுமையாக இருக்காது. பெரும்பாலான வெளிநாட்டு விமானிகள் எங்களுக்கு ‘நமஸ்தே’ சொல்வார்கள். எப்போதாவது ஒருவர் ‘வணக்கம்’ என்று சொல்லும்போது அறையிலுள்ள அனைவரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அது விதிப்புத்தகத்தில் இல்லாத சொல்தான். நெரிசல் இல்லாத நேரத்தில் எங்களுக்கு மறுப்பும் இல்லை.


பதில்: சரக்குத் தடம்

நான் சரக்கு விமானி. மற்றவர்கள் தொடாத ஆப்பிரிக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே சில வான்வெளிகளில் கட்டுப்பாட்டாளருடன் தொடர்பு கிடைப்பதே அரிது; நெடுந்தொலைவுக்கான ஹெச்எஃப் வானொலியில் இரைச்சல் மட்டும் வரும். அதனால் 126.9 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒவ்வொரு விமானமும் தன் இடம், உயரம், வழித்தடம், அடுத்த புள்ளியை அடையும் நேரம் ஆகியவற்றைத் தானே அறிவித்துக்கொண்டு போகும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறையாவது அறிவிக்க வேண்டும். எதிரே அதே உயரத்தில் ஒருவர் வருவதை விமானிகள் தங்களுக்குள் பேசியே கண்டுபிடித்துத் தீர்த்துக்கொள்வதுண்டு. அலைவரிசையை மாற்ற மறந்து மௌனமாக வருபவர்தான் அங்கே ஆபத்தானவர்.

பெருங்கடல்களிலும் தொலைதூர வான்வெளிகளிலும் தடத்துக்கு வலப்புறமாக இரண்டு கடல்மைல் வரை விலகிப் பறக்கும் முறையையும் அறிந்துகொள்ளுங்கள். ஜிபிஎஸ் வந்தபின் விமானங்கள் தடத்தின் நடுக்கோட்டிலேயே இம்மியளவும் பிசகாமல் பறக்கின்றன. உயரத்தில் ஒருவர் தவறு செய்தால் நேருக்கு நேர் மோதும் வாய்ப்பு அதனால் முன்பைவிடக் கூடிவிட்டது. வேண்டுமென்றே சற்று விலகிப் பறப்பது அதற்கான மருந்து. முன்செல்லும் விமானத்தின் சுழற்காற்றைத் தவிர்க்கவும் அது உதவுகிறது. ராடார் பார்வைக்குள் வந்ததும் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

மதுவைப் பற்றிய விதியையும் இளைஞர்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் எட்டு மணி நேர இடைவெளியும் 0.04 விழுக்காடு என்ற உச்சவரம்பும் உண்டு. பிரிட்டனில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு மில்லிலிட்டர் குருதியில் 20 மில்லிகிராம். இந்தியாவில் பன்னிரண்டு மணி நேரம், வரம்போ சுழியம். மற்ற பல நாடுகளில் சோதனை எப்போதாவது வரும். இந்தியாவில் புறப்படும் முன் ஒவ்வொருவரும் கருவியில் ஊதியாக வேண்டும். வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்தியக் குழுவினர் இங்கே முதலில் இறங்கும் நிலையத்தில் ஊத வேண்டும். 2023இல் வந்த திருத்தம் மதுச்சத்து கலந்த வாய்க்கொப்பளிப்பு நீரைக்கூடத் தடைசெய்தது. வெளிநாட்டு விடுதி அறையில் வைத்திருக்கும் குப்பியைத் திறக்கும் முன் அதன் சீட்டைப் படித்துவிடுங்கள்.

ஜப்பானில் தரைப் பணியாளர்கள் வரிசையாக நின்று குனிந்து வணங்கிக் கையசைப்பது உண்மைதான். நாங்களும் பதிலுக்குக் கையசைப்போம். அதற்கு மேல் அதில் கற்க வேண்டியது எதுவும் இல்லை.


மறுமொழி: வலது இருக்கை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் கேள்விக்கு நான் எதிர்பார்த்ததைவிடத் தெளிவான விடை கிடைத்துவிட்டது. பண்பாடு பற்றிய இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லையே என்பதால் மீண்டும் நினைவூட்டுகிறேன். கொரிய விமானங்களின் பழைய விபத்துகளுக்கு அவர்களுடைய மொழியிலுள்ள மரியாதைப் படிநிலைகளே காரணம் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். நம் மொழியிலும் நீ, நீர், நீங்கள் என்று படிகள் இருப்பதால் இது என்னை உறுத்துகிறது.


பதில்: நான்காம் நாற்காலி

விமானக் குழுக்களுக்கு மனிதக் காரணிகள் பற்றிப் பயிற்சி அளிப்பவள் நான். பண்பாடு என்ற விளக்கத்தை நான் எச்சரிக்கையுடனேயே அணுகுகிறேன். அது பொய் என்பதால் அன்று. அது மிக எளிதாகக் கைக்கு வருவதால், மற்றக் காரணங்களைத் தேடும் உழைப்பை அது நிறுத்திவிடுகிறது.

நீங்கள் குறிப்பிடும் விவாதத்தின் மையம், 1997 ஆகஸ்ட் 6 அன்று குவாமில் குன்றில் மோதிய கொரியன் ஏர் 801. இறந்தவர்கள் 228 பேர். துணை விமானியும் பொறியாளரும் தலைமை விமானியை உரிய வேளையில் உறுதியாகத் தடுக்கவில்லை என்பது உண்மை. அந்த இரவில் அந்நிலையத்தின் இறங்குசரிவு வழிகாட்டி இயங்கவில்லை என்பதும், தலைமை விமானி களைத்திருந்தார் என்பதும், தாழ்வாக வரும் விமானத்தைக் குறித்துத் தரையிலுள்ளவர்களை எச்சரிக்க வேண்டிய அமெரிக்கக் கருவி முடக்கிவைக்கப்பட்டிருந்தது என்பதும் அதே விசாரணையில் பதிவானவைதான். பிறர் எழுதும் கட்டுரைகளில் மரியாதைச் சொற்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

இதன் பக்கத்தில் 1977 மார்ச் 27 அன்று தெனெரிஃபேயில் நடந்ததை வைத்துப் பாருங்கள். அமெரிக்க விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேஎல்எம் விமானத்தின் பொறியாளர் ஐயத்தை எழுப்பினார். அந்நிறுவனத்தின் 747 பயிற்சிக்கே தலைவராக இருந்த தலைமை விமானி உறுதியான குரலில் விலகிவிட்டது என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். டச்சுக்காரர்கள் மேலதிகாரியிடம் முகத்துக்கு நேரே பேசக்கூடியவர்கள் என்று பெயரெடுத்தவர்கள். ஆயினும் அந்த விபத்தை ஒருவரும் டச்சுப் பண்பாட்டின் கணக்கில் எழுதவில்லை. விமானி அறையின் அதிகாரப் படிநிலை என்று பொதுவாகவே பேசினார்கள், இன்று நீங்கள் பெறும் குழுவினர் ஒருங்கிணைப்புப் பயிற்சியும் அந்தக் காலத்து விபத்துகளிலிருந்து பிறந்ததுதான். கிழக்கே நடந்தால் பண்பாடு, மேற்கே நடந்தால் நடைமுறை என்று பிரிப்பது எனக்கு நேர்மையாகத் தெரியவில்லை.

கொரியன் ஏர் நிறுவனமோ, 2000ஆம் ஆண்டு முதல் வெளியாரைக் கொண்டுவந்து பயிற்சி, தேர்வு, மதிப்பீடு ஆகியவற்றை அடியோடு மாற்றியது. 1999 டிசம்பருக்குப் பின் உயிர்ச்சேதம் ஏற்பட்ட விபத்து எதுவும் அதற்கு நேரவில்லை. இந்த இடைவெளியில் கொரிய மொழியின் மரியாதை விகுதிகள் எங்கும் போய்விடவில்லை.

நாட்டுக்கு நாடு மாறும் எழுத்து வடிவ விதிதான் பண்பாட்டைவிடக் கூர்மையாக வெட்டுகிறது என்பதற்கு 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் ஊபர்லிங்கன் மேலே நடந்த மோதலைக் காட்டுவேன். ரஷ்ய டியூ 154 விமானத்தில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். மற்றது டிஎச்எல் சரக்கு விமானம். மோதல் தவிர்ப்புக் கருவி ரஷ்ய விமானத்தை ஏறச் சொன்னது, சரக்கு விமானத்தை இறங்கச் சொன்னது. ஜூரிக்கில் தனியாகப் பணியில் இருந்த கட்டுப்பாட்டாளரோ ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். ரஷ்யக் குழு கட்டுப்பாட்டாளரின் சொல்லைக் கேட்டது, மற்றவர்கள் கருவியின் சொல்லைக் கேட்டார்கள், இருவரும் சேர்ந்தே இறங்கி மோதினார்கள். 71 பேர் இறந்தார்கள். யாருடைய சொல்லுக்கு முதலிடம் என்பதில் அப்போதிருந்த விதிகளும் கையேடுகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டிருந்தன என்று ஜெர்மன் விசாரணையாளர்கள் எழுதினார்கள். இன்று கருவியின் கட்டளைக்கே முதலிடம் என்பது உலகெங்கும் ஐயத்துக்கிடமின்றி விதியாகிவிட்டது. ஒரு வரியைத் திருத்தியதால் அடைந்த பாதுகாப்பு அது.


பதில்: நீண்டவழி

அம்மையாரின் வாதத்தைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஓரிடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். விதியும் பயிற்சியும் பண்பாட்டை வெல்ல முடியும் என்பதற்குக் கொரியன் ஏர் சான்று என்றால், வெல்வதற்கு அங்கே ஏதோ ஒன்று இருந்தது என்றும் ஆகிறது. நம் விமானி அறைகளில் துணை விமானி ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘சார்’ என்று முடிப்பதை வெளிநாட்டுத் தலைமை விமானிகள் முதல் நாளிலேயே கவனிக்கிறார்கள். அந்தச் சொல்லால் தீங்கில்லை. ‘சார், வேகம் குறைகிறது’ என்பதோடு நில்லாமல், ‘நான் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்கிறேன், சார்’ என்று சொல்லும் அளவுக்கு அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோமா என்றுதான் நான் பார்ப்பேன். பெரும்பாலான நிறுவனங்கள் இப்போது அதற்கென்று வரையறுத்த சொற்களையே வைத்திருப்பதால், மூத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று இளையவர் தேட வேண்டிய நிலை குறைந்திருக்கிறது.


மறுமொழி: வலது இருக்கை

இருவருக்கும் நன்றி. நடைமுறை சார்ந்த ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. சீனாவில் 10,100 மீட்டர் என்று உத்தரவு வந்து, அட்டவணைப்படி 33,100 அடி வைத்தபின், மீட்டரைக் காட்டும் பொத்தானை அழுத்திப் பார்த்தால் சரியாக 10,100 வராது என்கிறார்களே, அப்போது என்ன செய்வது?


பதில்: நீண்டவழி

எதுவும் செய்யாதீர்கள். 33,100 அடி என்பது கணக்கின்படி 10,089 மீட்டர்தான். அட்டவணையில் நூறின் மடங்குக்கு முழுமையாக்கியதால் வரும் வேறுபாடு அது, 30 மீட்டரைத் தாண்டாது. திரையில் 10,100 வரட்டும் என்று அடியைக் கூட்டினால், ஏனைய விமானங்கள் அனைத்தும் அட்டவணைப்படி பறக்கும் வான்வெளியில் நீங்கள் ஒருவர் மட்டும் தவறான உயரத்தில் இருப்பீர்கள். ஒருவர் மீட்டரில் திருப்பிச் சொல்லட்டும், மற்றவர் அட்டவணையில் விரலை வைத்து அடிக்கணக்கைப் படிக்கட்டும், இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே கைப்பிடியைத் திருப்புங்கள். அட்டவணையில் கிழக்கு நோக்கிப் பறப்பவர்களுக்கும் மேற்கு நோக்கிப் பறப்பவர்களுக்கும் தனித்தனிப் பத்திகள் இருப்பதால், விரல் எந்தப் பத்தியில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பாருங்கள்.